இளிவரலும் நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்துமிடத்து நகையை முதலாவதாகவும் இளிவரலை மூன்றாவதாகவும் வைக்கின்றார். இரண்டுக்கும் இடையில் நிற்பது அழுகை. இவ்வைப்புமுறைக்கு அவர் கருதிய காரணம் எதுவாயினும், அன்றாட வாழ்வை நோக்குவோருக்கு அது பொருத்தமாகவே தோன்றும். பலர்முன் நாணித் தலைகுனிந்த ஒருவன் சில ஆண்டுகள் கழிந்தபின் அதே நிகழ்ச்சியைப் பலர்முன் தானே எடுத்துரைத்துச் சிரிக்கின்றான், கேட்போரும் சிரிக்கின்றனர். இளிவரல் நகையாகிவிடுகின்றது. இடையிலே கிடந்த அழுகை கேட்போருக்குத் தெரிவதில்லை. சில வேளைகளிற் சொல்பவனுக்கே அது மறந்துபோகின்றது.

இம்மாற்றம் பொதுவாகப் போற்றப்படுவது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவனை மனப்பக்குவம் உடையவன் என உலகம் மெச்சுகின்றது. துன்பம் வந்துற்ற வேளையிற் சிரிக்குமாறு அறிவுரை கூறியே திருக்குறளின் இடுக்கணழியாமை என்னும் அதிகாரம் தொடங்குகின்றது. இவற்றை மறுத்தல் எவருக்கும் எளிதன்று. ஆயினும் இங்கு அறஞ்சார்ந்த வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. பட்ட இழிவு எதுவாயினும் அதை நகைப்பாக்குதல் நன்றா? அவ்வாறு ஆக்கும்போது ஒருவன் எவரை மன்னிக்கின்றான், எவரைக் கைவிடுகின்றான்?

நகை பிறக்கும் நிலைக்களன்களாகப் பேதைமை, மடன், இளமை, எள்ளல் ஆகிய நான்கினைத் தொல்காப்பியம் குறிப்பிடுகின்றது. இவற்றுள் எள்ளலை விளக்கவந்த பேராசிரியர் அதனை இரண்டாக வகுப்பர்: ஒன்று தான் பிறரை எள்ளி நகுதல், மற்றையது பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல். இரண்டாவது வகையை ஓர் உரையாசிரியர் தனியே எடுத்துக் கூறினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. எள்ளப்பட்டவன் வெகுளலாம், அழலாம். ஆனால் அவன் நகவுங்கூடும் என்பதை அவர் கண்டிருந்தார். அந்நகை எத்தகையது என்பதே ஈண்டு ஆராயப்பட வேண்டியது.

கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டில் தமது கவிதையியலிலே, நகைப்புக்குரியது ஒருவகைக் குறைபாடே எனினும் அது நோவையோ அழிவையோ விளைவிக்காத குறைபாடாதல் வேண்டும் என்பார். இதனைக் கடந்தகாலத்துக்குப் பொருத்திப் பார்ப்போர், காலம் நோவை ஆற்றிவிடுவதால் நேற்றைய இழிவு இன்றைய நகைப்பாகின்றது என எளிதாக முடித்துவிடுவர். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ் இதனிலும் கூர்மையாகச் சிந்தித்தார். பிறருடைய குறைபாட்டோடு, அல்லது தனது முன்னைய குறைபாட்டோடு, தன்னை ஒப்பிடும்போது திடீரென எழும் மேன்மையுணர்ச்சியே சிரிப்பு என்பது அவரது கொள்கை. எனவே தன் பழைய மடமையை நினைத்துச் சிரிப்பவன் உண்மையில் வெற்றி கொண்டாடுகின்றான். ஆயின் ஹொப்ஸ் ஒரு விலக்கையும் உடன் சேர்த்தார்: அந்நினைவு நிகழ்கால அவமதிப்பு எதனையும் தன்னுடன் கொண்டுவராதிருத்தல் வேண்டும். இவ்விலக்கு பின்னர் பயன்படும்.

ஹொப்ஸின் விளக்கம் உண்மையின் ஒரு பகுதியைத் தொடுகின்றது; எனினும் கேட்பதற்குச் சற்றுக் கொடியதாகவும் இருக்கின்றது. இன்றைய 'நான்' நேற்றைய 'நான்' மீது ஏறி நின்று சிரிக்கின்றதென்றால், நேற்றையவனுக்கு உற்றவர் எவர்? சிக்மண்ட் பிராய்ட் 1927 இல் நகைச்சுவை பற்றி எழுதிய சிறு கட்டுரையிலே இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தார். அஞ்சி நடுங்கும் குழந்தையிடம் பெரியவர் ஒருவர், 'இதற்கா இவ்வளவு கலங்கினாய்' எனப் பரிவுடன் கூறுவதுபோல, மனத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு ஆறுதல் கூறுவதே நகைச்சுவை என்றார் அவர். இருவர் கூற்றிலும் உயர்ந்து நிற்பவன் ஒருவன் இருக்கின்றான், தாழ்ந்து நிற்பவன் ஒருவன் இருக்கின்றான். ஹொப்ஸின் மனிதன் தாழ்ந்தவனை மிதித்துச் சிரிக்கின்றான். பிராய்டின் மனிதன் அவனைக் கைப்பிடித்துத் தூக்கிச் சிரிக்கின்றான். வெளியே கேட்கும் சிரிப்பொலி இரண்டிலும் ஒன்றே. அறநோக்கில் இவற்றிடையே உள்ள தூரம் பெரிது.

நகையாக மாற மறுத்த இளிவரலுக்குத் துரியோதனன் பழகிப்போன எடுத்துக்காட்டு. மயன் அமைத்த மண்டபத்திலே பளிங்கை நீரென்றும் நீரைப் பளிங்கென்றும் மயங்கி இடறி வீழ்ந்தான், கண்டோர் சிரித்தனர். அத்தினாபுரம் மீண்ட பின் தந்தையிடம் அந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தவனும் அவனே. வீழ்ந்ததையும், யார் யார் சிரித்தனர் என்பதையும் ஒன்றும் விடாது சொன்னான். நகைச்சுவைக்கு வேண்டிய பொருள் முழுவதும் அவன் கையில் இருந்தது. அவன் அதனை முறையீடாகவே சொன்னான். சூதும் போரும் பின்தொடர்ந்தன. தன் பேதைமையை நோக்கி ஒருமுறை சிரிக்கத் தெரிந்திருந்தால் பாரதமே இல்லை எனக் கூறத் தோன்றும்; கதாப்பிரசங்கிகள் கூறியும் இருப்பர். எனினும் சிரிக்கத் தெரியாமை தீது என்பதனால், எங்கும் எதற்கும் சிரித்தல் நன்று என்பது பெறப்படாது.

இவ்விடத்துக் காந்தியடிகளின் சத்திய சோதனை மிகவும் உதவுகின்றது. தம் வாழ்வின் கூச்சமூட்டும் நிகழ்ச்சிகளை இவ்வளவு விரிவாகப் பதிவுசெய்த பொதுவாழ்வினர் அரியர். நவஜீவன் இதழில் 1925 ஆம் ஆண்டிலிருந்து அது தொடராக வெளிவந்தபோது அவர் இந்தியா முழுவதும் அறியப்பட்ட தலைவர். அந்நிலையில் இருந்துகொண்டே, இலண்டனில் நடனமும் வயலினும் பயின்று ஆங்கிலக் கனவானாக முயன்று தோற்ற கதையை அவர் எழுதுகின்றார். 1891 இல் நாடு திரும்பு முன்னர் மரக்கறியுணவு நண்பர்களுக்கு ஓர் உணவகத்தில் விருந்தளித்த நிகழ்ச்சி இவற்றுள் மிகவும் சுவையானது. நகைச்சுவையாகப் பேசவேண்டும் எனக் கருதிய அவ்விளைஞர் அடிசனைப் பற்றிய துணுக்கு ஒன்றைத் தெரிவுசெய்து வந்திருந்தார். பாராளுமன்றத்தில் முதன்முறை பேச எழுந்த அடிசன், 'கருதுகின்றேன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மும்முறை கூறிவிட்டு மேலே செல்ல இயலாது நின்றாராம். அச்சொல்லுக்குக் கருக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டாதலால், குறும்பர் ஒருவர் எழுந்து, கனவான் மும்முறை கருக்கொண்டும் ஒன்றையும் ஈன்றாரில்லை என்றாராம். (கருத்துக்கும் கருவுக்கும் தமிழிலும் ஒலியுறவு இருப்பது இக்கதையைச் சொல்வோருக்கு எதிர்பாராத வாய்ப்பு.) காந்தியார் எழுந்தார், முதல் வாக்கியத்துக்கு அப்பால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தமைக்கு நன்றி கூறி அமர்ந்துவிட்டார். பேச்சிழந்து நின்ற ஒருவர் கதையைச் சொல்லிச் சிரிப்பூட்ட வந்தவர் தாமே பேச்சிழந்து நின்றார்.

பம்பாயில் அவர் ஏற்ற முதல் வழக்கும் இத்தகையதே. 30 ரூபா ஊதியம் பெற்றுச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் எழுந்து நின்றவருக்குக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு வினாவும் தோன்றவில்லை, தலை சுழன்றது. வழக்கு 51 ரூபாவுக்கு வேறொரு வழக்கறிஞரிடம் சென்றது. துணிவு வரும்வரை இனி வழக்கு ஏற்பதில்லை என அன்று தீர்மானித்ததைக் கூறிவிட்டு, அத்தீர்மானத்திற் பெருமை ஒன்றுமில்லை, தோற்பதற்காகத் தம்மிடம் வழக்கைத் தரக்கூடிய மூடர் எவரும் இருந்திருக்க மாட்டார் என்ற கருத்தையும் அவர் சேர்க்கின்றார். வாசகன் சிரிக்கின்றான். ஆனால் நீதிமன்றத்தில் வியர்த்து நின்ற இளைஞனை அவன் இகழ்வதில்லை. எழுதுபவர் அவ்விளைஞனை விட்டு விலகி, சிரித்தோரின் வரிசையிற் சென்று அமர்ந்துகொள்ளாமையே அதற்குக் காரணம்.

அதே நூலில், ஏறக்குறைய அதே காலப்பகுதியைச் சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1893 இல் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் முதலாம் வகுப்புப் பயணச்சீட்டுடன் அவர் புகைவண்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். கடுங்குளிர், மேலங்கியோ பொதிகளுடன் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தது. கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என அஞ்சிக் கேளாமலே குளிரில் நடுங்கியபடி அமர்ந்திருந்தார். முதலாம் வகுப்புச் சீட்டும் கனவான் உடையும் அணிந்த பாரிஸ்டர் ஒருவர் தமது சொந்த மேலங்கியைக் கேட்க அஞ்சி நடுங்கினார் என்பதிலே நகைச்சுவை எழுத்தாளன் ஒருவனுக்கு வேண்டிய முரண் முழுவதும் உண்டு. காந்தியார் அதனைத் தொடவில்லை. அப்பகுதி நூலில் ஒரு புன்னகையுமின்றி நிற்கின்றது.

காலமே இழிவை நகைப்பாக்குகின்றது என்போருக்கு இதனிலும் தெளிவான மறுப்புத் தேவையில்லை. நீதிமன்றமும் புகைவண்டி நிலையமும் எழுதுபவரிடமிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவிலேயே இருந்தன. ஆறுவதற்கு இரண்டுக்கும் ஒரே அவகாசம் கிடைத்தது. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. நீதிமன்றத்தில் நிகழ்ந்தது அவரது சொந்தப் பேதைமை. அதை நகைக்கும்போது அவர் மன்னிப்பது தம்மையே. அதற்கான உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. புகைவண்டி நிலையத்தை நகைத்திருப்பின் மன்னிப்புப் பெறுவோர் வேறு சிலராவர்; அம்மன்னிப்பை வழங்கும் உரிமையும் அவர் ஒருவருக்கே உரியதன்று. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் தென்னாபிரிக்காவில் நிறத்தின் பெயரால் மனிதர் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தனர். ஹொப்ஸ் கூறிய நிகழ்கால அவமதிப்பு அங்கே உயிரோடிருந்தது. அது சொல்பவனது அவமதிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை போலும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நிகழ்ச்சி ஒன்று அதே நூலில் உண்டு. பிரிட்டோரியாவில் வெள்ளையரான சிகையலங்கரிப்பாளர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட இகழ்ச்சியுடன் மறுத்தார். காந்தியார் தாமே கத்தரி வாங்கிக் கண்ணாடிமுன் நின்று வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டது. நீதிமன்றத்தில் நண்பர்கள் குலுங்கிச் சிரித்து, தலையை எலி கடித்ததோ என வினவினர். இங்கே எவரும் எளிதாகச் சிரிப்பிற் கலந்துகொண்டு விடயத்தை முடித்திருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை, சினந்தும் கொள்ளவில்லை. வெள்ளையர் தம் கரிய முடியைத் தொட மறுத்ததால் தாமே வெட்டிக்கொண்டதாக நடந்ததை நடந்தவாறே கூறினார். நகைத்தவர்களுக்குக் கோணலான பின்தலை மட்டுமே தெரிந்தது. அவர் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார். எழுதும்போது அவர் இன்னும் ஒருபடி செல்கின்றார்: தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்கு முடிவெட்ட நம்மவர் தம் சிகையலங்கரிப்பாளரை அனுமதிப்பதில்லையே, அதற்கான கூலி தமக்குக் கிடைத்தது என்கின்றார். யாழ்ப்பாணத்து வாசகர் இவ்வரிகளை விரைந்து கடந்துவிடுதல் நேர்மையாகாது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க்கடையில் எல்லோரும் அருந்தும் குவளையில் அருந்துவதற்காக 1960களில் இங்கு போராட வேண்டியிருந்தது.

வெகுதூரத்து எடுத்துக்காட்டுகள் இவ்வளவு போதும். இவ்வினா மிக அணுக்கமாக எழுமிடம் பல்கலைக்கழகமே. இழிவு நகைப்பாவதை ஆண்டுதோறும் ஒரு மரபாகவே நிகழ்த்திவரும் நிறுவனம் ஒன்று அங்கே உண்டு. பகிடிவதை என்பது அதன் பெயர். பகிடியும் வதையும் சேர்ந்த அப்பெயர் நேர்மையான பெயர் என்றே சொல்லவேண்டும். பின்னாளில் நினைவுகூர்வோர் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'அது சும்மா பகிடி' என்பர்.

இத்தகைய கதைகளின் பொதுவான அமைப்பை எவரும் அறிவர். புதுமுக மாணவன் ஒருவன் விடுதித் தாழ்வாரத்தைத் தீக்குச்சியால் அளக்குமாறு பணிக்கப்படுகின்றான். முழந்தாளிட்டு, ஒவ்வொரு குச்சியாக வைத்து, 612 என்று வந்து சொல்கின்றான். பிழை, திரும்ப அள என்கின்றனர். மீண்டும் அளக்கின்றான். அன்றிரவு, கதவு சாத்தப்பட்ட அறையில், நான்கு புதுமுக மாணவர்கள் கூடியிருந்து அன்றைய பணிகளைப் பேசிச் சிரிக்கின்றனர். ஒருவன் 612 இன் கதையைச் சொல்கின்றான். இன்னொருவன் தூணுக்குக் காதற்கடிதம் வாசித்த கதையைச் சொல்கின்றான். பேராசிரியர் சுட்டிய இரண்டாவது நகை, எள்ளப்பட்டவன் நகும் நகை, இதுவே. எள்ளியோர் அங்கே இல்லை. எள்ளப்பட்டோர் அனைவரும் இருக்கின்றனர். அச்சிரிப்பு இல்லையெனின் பலர் அவ்வாரத்தைக் கடந்திருக்க மாட்டார்கள். அதனைக் குறைகூறும் அறநூல் எதுவும் மனிதரை அறியாத நூலாகும்.

ஓராண்டு கழிகின்றது. ஒன்றுகூடல் ஒன்றில் அதே மாணவன் மேடையேறி, தான் முழந்தாளிட்டு ஊர்ந்த விதத்தை நடித்துக் காட்டுகின்றான். குரல் நடுங்கியதையும், கேட்டவர்களை 'அண்ணா, அண்ணா' எனக் கெஞ்சியதையும் மிகைப்படுத்தி நடிக்கின்றான். சபை ஆர்ப்பரிக்கின்றது. அன்று அளக்கச் சொன்னவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகின்றனர். இப்பொழுது அவர்கள் அவனுடைய நெருங்கிய நண்பர்கள். கதையும் தீக்குச்சியும் எண்ணிக்கையும் முன்போலவே உள்ளன. அறையில் நால்வர் சிரித்த சிரிப்பு மட்டும் வேறொன்றாகிவிட்டது. அன்று அவன் ஊர்ந்தவனோடு இருந்து சிரித்தான். இன்று ஊர்ந்தவனைச் சபையிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர்ந்துபோகச் செய்தவர்களோடு இருந்து சிரிக்கின்றான். ஹொப்ஸ் கூறிய வெற்றி இதுவே. தன்னுடைய பழைய நடுக்கத்தை நகைப்புக்குரிய பொருளாக மட்டும் காணப் பழகியவன், அடுத்த ஆண்டு வருபவனது நடுக்கத்தை வேறெவ்வாறு காண்பான்? அவனிடம் கொடுமை இல்லாதிருக்கலாம். 'எனக்கும்தான் செய்தார்கள், இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கின்றது' என்ற வாக்கியம் ஒன்றே போதுமானது, தீக்குச்சி கைமாறிவிடும்.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது வலுவற்றதன்று. எள்ளியோரும் எள்ளப்பட்டோரும் ஒன்றாகச் சிரிக்கும்போது பகை கரைகின்றது, துரியோதனன் உருவாகாது தடுக்கப்படுகின்றான் என்பர். பல நட்புகள் இவ்வாறே தொடங்கியுள்ளமையும் மெய். ஆயின் அச்சபையில் அமர்ந்திருப்போர் யாவர் என நோக்குதல் வேண்டும். சிரிக்க முடிந்தோர் மட்டுமே அங்கு இருக்கின்றனர். நால்வர் இருந்த அந்த அறையில் ஒருவன் இரண்டாம் வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பின், அவனுக்கு அங்கே இருக்கை இல்லை. கதையில் இடமும் இல்லை. 1975 இல் பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்து உடலியக்கம் இழந்த மாணவியும், 1997 இல் அங்கேயே பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்த மாணவனும் எந்த ஒன்றுகூடலிலும் தங்கள் கதையை நடித்துக் காட்டவில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. சட்டம் செயலைத் தண்டிக்கலாம். நினைவுகூரும் முறையை அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

சிரிக்குமாறு வற்புறுத்துதல் இதனிலும் நுண்ணிய தீங்கு. பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாதவன் என ஒருவனைப் பழிப்பவர், பெரும்பாலும் அப்பகிடியைச் செய்தவரே. எள்ளப்பட்டவன் நகவும் கூடும் என்பதே உரையாசிரியர் கூறியது. நகவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. இழிவுபட்டவன் தன் சிரிப்பைத் தானே விரும்பிக் கொடுக்கும்போது அது கொடை. கேட்டு வாங்கும்போது அது இரண்டாவது வதை. முதலாவதற்குப் பெறப்படும் பற்றுச்சீட்டும் அதுவே.

மேடையேறிய அம்மாணவனை ஆயினும் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. அவனும் தனக்குக் கிடைத்த ஒரே வழியால் ஓர் இரவைக் கடந்துவந்தவன். பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்ற அறைத்தோழன் தனது பத்திரங்களைப் பெறுவதற்காக அன்று வளாகத்துக்கு வந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான் என வைத்துக்கொண்டால், மேடையில் நிற்பவன் அவனைக் கண்ட பின்னரும் அக்கதையை அதே விதமாக நடித்திருப்பானா? நடிக்காமலே இறங்கியிருப்பான் என்று சொல்வதற்கில்லை. 612 ஐச் சொல்லியிருப்பான். இரண்டாம் முறை அளந்தபோது முழந்தாள் எரிந்ததைச் சொல்லியிருப்பான். சுவரிற் சாய்ந்து நின்று 'பிழை' என்றவர் முன்வரிசையில் எந்த இருக்கையில் இருக்கின்றார் என்பதையும் சொல்லியிருப்பான். இடையில் எங்கேனும் ஓரிடத்தில், கடைசி வரிசையில் இருந்தவனும் சிரித்திருக்கக் கூடும்.